திண்மநிலை மின்கலங்களில் இலித்தியக் கிளைப்படிகத் தடுப்பு

இலித்தியக் கிளைப்படிகம் என்பது, இலித்தியம் உலோகம் படியும் மின்கலம் ஒன்றை மின்னேற்றும்போது, அவ்வுலோகம் சமமான படலமாகப் படியாமல் ஊசி போன்றும் பாசி போன்றும் மரக்கிளை போன்றும் நீண்டு வளர்வதால் உண்டாகும் அமைப்பு ஆகும். மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி இது டென்ட்ரைட்டு எனவும் வழங்கப்படுகின்றது. இக்கிளை எதிர்முனையிலிருந்து வளர்ந்து நேர்முனையைத் தொட்டுவிடுமாயின் மின்கலத்தினுள்ளேயே குறுக்குச்சுற்று உண்டாகும். எரியக்கூடிய நீர்ம மின்பகுளி கொண்ட மின்கலங்களில் இது தீ விபத்தில் முடியலாம்.

நீர்ம மின்பகுளிக்குப் பதிலாகத் திண்மப் பொருள் ஒன்றை மின்பகுளியாகக் கொண்ட மின்கலம் திண்மநிலை மின்கலம் எனப்படும். மென்மையான உலோகமாகிய இலித்தியத்தைக் கடினமான திண்மச் சுவர் தடுத்துவிடும் என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது. ஆனால் தன்னைவிடப் பல மடங்கு கடினமான பீங்கான் வகைப் பொருள்களையும் இலித்தியம் ஊடுருவிச் செல்வது ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. ஆகவே கிளைப்படிகத் தடுப்பு என்பது கடினமான பொருளைத் தேடுவதோடு முடிவதில்லை. பொருளிலுள்ள நுண்வெடிப்புகள், இரு திண்மங்களுக்கு இடையேயான தொடுகை, எதிர்மின்னிக் கசிவு, அழுத்தம், மின்னோட்டம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே கட்டுப்படுத்த வேண்டியுள்ளது.

பின்னணி

இலித்தியம் உலோகங்களுள் மிகவும் இலேசானது. இதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.534 கிராம், அதாவது நீரின் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதி. எதிர்மின்னியை (இலத்திரனை) எளிதில் இழக்கும் இயல்புடைய இதன் நியம மின்முனை அழுத்தம் -3.04 வோல்ட்டு ஆகும். ஒரு கிராம் இலித்தியம் கோட்பாட்டளவில் 3,860 மில்லியாம்பியர்-மணி மின்னூட்டத்தை வழங்க வல்லது. இலித்தியம்-அயனி மின்கலங்களின் எதிர்முனையில் பெரிதும் பயன்படும் கிராபைட்டு வழங்குவதோ கிராமுக்கு 372 மில்லியாம்பியர்-மணி மட்டுமே. இந்தப் பத்து மடங்கு வேறுபாடே ஆய்வாளர்களை மீண்டும் மீண்டும் இலித்தியம் உலோகத்தை நோக்கி இழுக்கின்றது.

1970களில் அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்காம், தைட்டானியம் டைசல்பைடை நேர்முனையாகவும் இலித்தியத்தை எதிர்முனையாகவும் கொண்ட மீள மின்னேற்றக்கூடிய மின்கலத்தை உருவாக்கினார். மீண்டும் மீண்டும் மின்னேற்றும்போது கிளைப்படிகம் வளர்ந்தமை இவ்வகை மின்கலங்களுக்குப் பெருந்தடையாக அமைந்தது. 1980களில் கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் இலித்தியம் உலோகமும் மாலிப்டினம் டைசல்பைடும் கொண்ட மின்கலங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1989ஆம் ஆண்டு சப்பானில் இவற்றைப் பயன்படுத்திய நகர்பேசிகளில் தீப்பற்றியதால் அவை திரும்பப் பெறப்பட்டன. 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனம் வெளியிட்ட இலித்தியம்-அயனி மின்கலத்தில் உலோகத்துக்குப் பதிலாகக் கரிமப் பொருள் எதிர்முனையாக அமைந்தது. இதில் இலித்தியம் கரிம அடுக்குகளுக்கு இடையே அயனியாகச் சென்று தங்குவதால் கிளைப்படிகச் சிக்கல் பெருமளவு குறைந்தது. இத்துறையை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அக்கிரா யோஷினோ ஆகியோருக்கு 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கரிம எதிர்முனையிலும் இச்சிக்கல் முற்றாக நீங்கிவிடவில்லை. உறைநிலைக்குக் கீழான குளிரிலோ, மிக விரைவாகவோ மின்னேற்றினால், கரிம அடுக்குகளுக்குள் செல்ல இயலாத இலித்தியம் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படியும்.

நீர்ம மின்பகுளியில் வளர்ச்சி

மின்னேற்றத்தின்போது இலித்தியம் அயனிகள் மின்பகுளி வழியாக எதிர்முனையை அடைந்து, அங்கே எதிர்மின்னியைப் பெற்று உலோகமாகப் படிகின்றன. எதிர்முனையின் மேற்பரப்பில் சிறு மேடு ஒன்று இருப்பின் அதன் முனையில் மின்புலம் செறிவாக இருக்கும். அயனிகளும் அம்முனையை எளிதில் அடையும். எனவே மேடு மேலும் உயரும். உயர உயர அது இன்னும் கூடுதலான அயனிகளைப் பெறும்.

நீர்ம மின்பகுளியில் இலித்தியம் அயனிகளுடன் எதிர்மின்சுமை கொண்ட அயனிகளும் நகர்கின்றன. மின்னோட்டம் மிகும்போது எதிர்முனையின் அருகே அயனிச் செறிவு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் ஏறத்தாழச் சுழியாகின்றது. இந்நிலையில் கிளை வடிவ வளர்ச்சி தொடங்குவதை 1990ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு இயற்பியலாளர் ஜான்-நோயல் சசால்வியேல் கோட்பாட்டு அடிப்படையில் விளக்கினார்.

திண்ம மின்பகுளிகள் பலவற்றில் இலித்தியம் அயனி மட்டுமே நகர்கின்றது. எதிர்மின்சுமை கொண்ட பகுதி படிகக் கூட்டில் நிலையாக இருக்கும். எனவே மேற்கூறிய செறிவுக் குறைவு அவற்றில் ஏற்படுவதில்லை. ஆயினும் அவற்றிலும் குறுக்குச்சுற்று ஏற்படுகின்றது. இதற்கு வேறு காரணங்கள் உண்டு என்பது இதனால் புலப்படும்.

மன்ரோ-நியூமன் கருத்து

2005ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் (பெர்க்கிலி) சார்லசு மன்ரோ, ஜான் நியூமன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. மின்பகுளியின் விறைப்புக் குணகம் இலித்தியத்தின் விறைப்புக் குணகத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தால், இடைமுகத்தில் எழும் மேடுகள் அமுக்கப்பட்டுச் சமமான படிவு உண்டாகும் என்று அவர்கள் கணித்தனர். இதன்படி சில கிகாபாசுக்கல் விறைப்புக் குணகமே போதுமானது. கார்னெட்டு வகை ஆக்சைடு மின்பகுளியின் விறைப்புக் குணகமோ ஏறத்தாழ 60 கிகாபாசுக்கல். எனவே இத்தகைய பொருளில் கிளைப்படிகம் வளரவே இயலாது என்ற நம்பிக்கை பரவியது.

ஆய்வகச் சோதனைகளில் இந்நம்பிக்கை பொய்த்தது. அறை வெப்பநிலையில் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லியாம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்திலேயே கார்னெட்டு வில்லைகள் பலவற்றில் இலித்தியம் ஊடுருவியது. மன்ரோ-நியூமன் கணிப்பு குறையற்ற, முழுத் தொடுகையுள்ள, சமமான இடைமுகத்துக்கே பொருந்தும். உண்மையான பீங்கானில் புழைகளும் நுண்வெடிப்புகளும் உள்ளன. கடினத்தன்மை என்பது வேறு, உடையாமை என்பது வேறு. கண்ணாடி கடினமானதாயினும் சிறு கீறல் ஒன்று இருந்தால் எளிதில் உடைவது போன்றே இப்பீங்கான்களும் உடைகின்றன.

திண்ம மின்பகுளி வகைகள்

பலபடிகள் (பாலிமர்கள்): பாலியெத்திலீன் ஆக்சைடும் இலித்தியம் உப்பும் கலந்தவை. வளையக்கூடியவை, இலித்தியத்துடன் நன்கு ஒட்டுபவை. அறை வெப்பநிலையில் இவற்றின் கடத்துதிறன் குறைவு என்பதால் ஏறத்தாழ 60 முதல் 80 பாகை செல்சியசு வரை சூடாக்கிப் பயன்படுத்தப்படுகின்றன. பிரான்சின் பொல்லோரே நிறுவனத்தின் புளூகார் மின்தானுந்துகளில் இவ்வகை மின்கலங்கள் பொருத்தப்பட்டன. பாரிசு நகரில் 2011 முதல் 2018 வரை நடைபெற்ற வாடகைத் தானுந்துத் திட்டத்தில் அவை ஓடின.

ஆக்சைடுகள்: இவற்றுள் பெரிதும் ஆராயப்படுவது கார்னெட்டுப் படிக அமைப்புடைய இலித்தியம் இலாந்தனம் சிர்க்கோனியம் ஆக்சைடு ஆகும். இதனை 2007ஆம் ஆண்டு இராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் ஆகியோர் அறிவித்தனர். இவர்களுள் முருகன் பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும், தங்கதுரை கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்திலும் இவ்வகைப் பொருள்கள் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்தனர். இப்பொருள் இலித்தியம் உலோகத்துடன் எளிதில் வினைபுரிவதில்லை என்பது இதன் சிறப்பு.

சல்பைடுகள்: 2011ஆம் ஆண்டு சப்பானின் ரியோஜி கன்னோ குழுவினர் அறிவித்த இலித்தியம் செர்மானியம் பாசுபரசு சல்பைடு, அறை வெப்பநிலையில் சென்டிமீட்டருக்கு 12 மில்லிசீமென்சு கடத்துதிறன் கொண்டது. இது நீர்ம மின்பகுளிகளுக்கு நிகரானது. சல்பைடுகளை அழுத்தியே அடர்த்தியான தகடாக்க இயலும். எனினும் இவை ஈரப்பதம் பட்டால் நச்சுத்தன்மையுள்ள ஐதரசன் சல்பைடு வளிமத்தை வெளியிடுகின்றன. இவற்றுள் பல இலித்தியம் உலோகத்துடன் வினைபுரிகின்றன.

இலித்தியம் பாசுபரசு ஆக்சிநைட்ரைடு: அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1990களின் தொடக்கத்தில் ஜான் பேட்சு குழுவினர் உருவாக்கிய கண்ணாடித்தன்மையுள்ள மெல்லிய படலம். கிளைப்படிகத்தை மிக நன்றாகத் தடுக்கின்றது. ஆனால் கடத்துதிறன் குறைவு. வெற்றிடக் கலத்தில் மெல்லிய படலமாகப் படியவைக்க வேண்டியிருப்பதால் பெரிய மின்கலங்களுக்கு உகந்ததன்று.

இலித்தியம் ஊடுருவும் வழிகள்

மேற்பரப்பு வெடிப்புகள்

2017ஆம் ஆண்டு மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் யெட்-மிங் சியாங் உள்ளிட்டோர், கண்ணாடி வடிவிலும் படிக வடிவிலும் உள்ள மின்பகுளிகளை ஆராய்ந்து, இலித்தியம் மேற்பரப்பிலுள்ள நுண்வெடிப்புகளில் புகுந்து அவற்றை அகலப்படுத்துகின்றது எனக் காட்டினர். பாறைப் பிளவில் வேர் நுழைந்து பாறையைப் பிளப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

வெடிப்பின் உள்ளே உலோகம் படியும்போது, ஏற்கனவே அங்குள்ள இலித்தியம் வெளியே பிதுங்கி இடம்விட வேண்டும். மின்னோட்டம் குறைவாயின் மென்மையான இலித்தியம் மெல்லப் பிதுங்கிவிடும். மின்னோட்டம் மிகுந்தால் பிதுங்கி வெளியேறும் வேகம் போதாமல் உள்ளழுத்தம் உயரும். கோட்பாட்டளவில் 0.1 வோல்ட்டு மிகையழுத்தம் ஏறத்தாழ 700 மெகாபாசுக்கல் எந்திர அழுத்தத்துக்கு ஈடானது. இதில் ஒரு பகுதி மட்டுமே செயற்பட்டாலும் பீங்கானை உடைக்கப் போதுமானது. மேலும் பெருந்துண்டாக இருக்கும்போது ஏறத்தாழ 1 மெகாபாசுக்கல் அழுத்தத்திலேயே உருமாறும் இலித்தியம், மைக்ரோமீட்டர் அளவில் அதைவிடப் பல மடங்கு வலிமை கொண்டதாக இருக்கின்றது. எனவே வெடிப்பினுள் உள்ள மெல்லிய இலித்தியம் எளிதில் வளைந்து கொடுப்பதில்லை.

படிகமணி எல்லைகள்

சூளையில் சுட்டுச் செய்யப்படும் பீங்கான், எண்ணற்ற சிறு படிகமணிகள் ஒட்டி உருவானது. அம்மணிகள் சந்திக்கும் எல்லைகள் வழியாக இலித்தியம் வலைப்பின்னல் போல் பரவுவதை 2017ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் செஃப் சக்கமோட்டோ குழுவினர் கார்னெட்டில் கண்டனர்.

எதிர்மின்னிக் கசிவு

சிறந்த மின்பகுளி அயனிகளை மட்டுமே கடத்த வேண்டும். சிறிதளவு எதிர்மின்னிகளும் உள்ளே கசிந்தால், அயனியும் எதிர்மின்னியும் மின்பகுளியின் நடுவிலேயே சந்தித்து அங்கேயே உலோகம் உண்டாகும். 2019ஆம் ஆண்டு மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் சுன்ஷெங் வாங் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நொதுமிகளைக் கொண்டு (நியூட்ரான்களைக் கொண்டு) மின்கலம் இயங்கும்போதே உள்ளே இலித்தியம் எங்கே சேர்கின்றது என அளந்தனர். கார்னெட்டிலும் சல்பைடிலும் உட்பகுதியில் நேரடியாக இலித்தியம் சேர்ந்தது. எதிர்மின்னிக் கடத்தல் மிகக் குறைந்த ஆக்சிநைட்ரைடில் சேரவில்லை.

மின்னிறக்கத்தில் தோன்றும் வெற்றிடங்கள்

கிளைப்படிகம் மின்னேற்றத்தின்போது வளர்ந்தாலும், அதற்கான வித்து மின்னிறக்கத்தின்போதே இடப்படலாம். மின்னிறக்கத்தில் இலித்தியம் இடைமுகத்திலிருந்து அயனியாக வெளியேறும். உள்ளிருந்து இலித்தியம் வந்து அவ்விடத்தை நிரப்பும் வேகத்தை விட வெளியேறும் வேகம் மிகுந்தால், இடைமுகத்தில் வெற்றிடங்கள் தோன்றும். அடுத்த மின்னேற்றத்தில் எஞ்சிய தொடுகைப் புள்ளிகள் வழியாகவே முழு மின்னோட்டமும் பாயும். சராசரி மின்னோட்டம் குறைவாயினும் அப்புள்ளிகளில் அது பல மடங்காகிவிடும். இதனை 2019ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் புரூசு குழுவினர் விளக்கினர்.

அதே குழுவினர் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வெடிப்பு தொடங்குவதும் அது பரவுவதும் இரு வேறு நிகழ்வுகள் எனக் காட்டினர். பரவும்போது வெடிப்பின் முனை முன்னே செல்ல, இலித்தியம் அதன் பின்னே சென்று நிரப்புகின்றது.

தடுப்பு முறைகள்

மேற்பரப்பைத் தூய்மையாக்கல்: கார்னெட்டு காற்றிலுள்ள ஈரத்துடனும் கரியமில வாயுவுடனும் வினைபுரிந்து, மேற்பரப்பில் இலித்தியம் கார்பனேட்டுப் படலத்தை உண்டாக்கும். இதன் மீது இலித்தியம் ஒட்டுவதில்லை. மெருகேற்றி, வளிமண்டலக் காற்றுப் படாமல் சூடாக்கி இப்படலத்தை நீக்கினால் தொடுகை பெரிதும் மேம்படும்.

இடைப்படலம் இடுதல்: மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்னெட்டின் மேல் மிக மெல்லிய அலுமினியம் ஆக்சைடுப் படலத்தைப் படியவைத்தனர். 1 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 1,710 ஓமாக இருந்த இடைமுக மின்தடை 1 ஓமாகக் குறைந்தது. வெள்ளி, தங்கம், சிலிக்கன் போன்று இலித்தியத்துடன் கலக்கும் பொருள்களும் இதற்குப் பயன்படுகின்றன.

வெள்ளி-கரிம அடுக்கு: 2020ஆம் ஆண்டு சாம்சங் நிறுவன ஆய்வாளர்கள், மின்கலம் செய்யும்போது எதிர்முனையில் இலித்தியமே இல்லாமல், வெள்ளி நுண்துகளும் கரிமமும் கலந்த மெல்லிய அடுக்கை மட்டும் வைத்தனர். மின்னேற்றத்தின்போது இலித்தியம் இவ்வடுக்கைக் கடந்து மின்பகுளிக்கு அப்பால் சமமாகப் படிந்தது. இம்மின்கலம் லிட்டருக்கு 900 வாட்-மணிக்கு மேற்பட்ட ஆற்றல் அடர்த்தியுடன் 1,000 சுழற்சிகள் வரை இயங்கியதாக அறிவிக்கப்பட்டது.

அழுத்தத்தைச் சீராக்கல்: மின்கலத்தை வெளியிலிருந்து அழுத்தினால் வெற்றிடங்கள் மூடிக்கொள்ளும். ஆயினும் அழுத்தம் மிகுந்தால் இலித்தியம் புழைகளுக்குள் பிதுங்கிக் குறுக்குச்சுற்றை உண்டாக்கும். சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சல்பைடு மின்கலம் 5 மெகாபாசுக்கலில் 1,000 மணி நேரத்துக்கு மேல் இயங்கியது. 75 மெகாபாசுக்கலில் மின்னேற்றத்துக்கு முன்பே குறுக்குச்சுற்று ஏற்பட்டது. பரவும் வெடிப்பை அழுத்தம் மேலும் தூண்டும் என்பதையும் ஆக்ஸ்போர்டு ஆய்வு காட்டியது.

வெடிப்பைத் திசைதிருப்பல்: 2022ஆம் ஆண்டு மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மின்பகுளித் தகட்டைச் சற்றே வளைத்து, அதனுள் வேண்டிய திசையில் தகைவை உண்டாக்கினர். நேர்முனையை நோக்கிச் சென்ற கிளைப்படிகம் திசைமாறித் தகட்டுக்கு இணையாக வளர்ந்தது. வளர்ச்சி நிற்காவிடினும் குறுக்குச்சுற்று தவிர்க்கப்பட்டது.

பல அடுக்கு மின்பகுளி: 2021ஆம் ஆண்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் லூகன் யே, சின் லி ஆகியோர், இலித்தியத்துடன் வினைபுரியாத மின்பகுளி அடுக்குகளுக்கு நடுவே, வினைபுரியும் மின்பகுளி ஒன்றை வைத்தனர். முதல் அடுக்கின் வெடிப்பு வழியே இலித்தியம் வந்தாலும், நடு அடுக்குடன் வினைபுரிந்து உண்டாகும் பொருள் அவ்வெடிப்பை அடைத்துவிடும்.

நுண்துளை அமைப்பு: அடர்த்தியான மெல்லிய கார்னெட்டுத் தகட்டின் இருபுறமும் நுண்துளைகள் கொண்ட கார்னெட்டு அடுக்குகள் அமைக்கப்படுகின்றன. இலித்தியம் துளைகளை நிரப்பிப் படிவதால் தொடுகைப் பரப்பு மிகுந்து, ஒவ்வோர் இடத்திலும் பாயும் மின்னோட்டம் குறைகின்றது.

வெப்பநிலையும் மின்னேற்ற வேகமும்: சூடான இலித்தியம் எளிதில் உருமாறுவதாலும், அதன் அணுக்கள் விரைந்து நகர்வதாலும், வெப்பநிலை உயரும்போது தாங்கக்கூடிய மின்னோட்டம் மிகும். இலித்தியத்தின் உருகுநிலையான 180.5 பாகை செல்சியசு இதற்கு மேலெல்லையாகும்.

மாறுநிலை மின்னோட்ட அடர்த்தி

குறுக்குச்சுற்று ஏற்படாமல் மின்பகுளி தாங்கக்கூடிய மிகக்கூடிய மின்னோட்ட அடர்த்தி, மாறுநிலை மின்னோட்ட அடர்த்தி எனப்படும். சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுடைய மின்கலத்தை ஒரு மணி நேரத்தில் மின்னேற்ற, சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லியாம்பியர் மின்னோட்டம் தேவை. இருபது நிமிடங்களில் மின்னேற்ற வேண்டுமாயின் 9 மில்லியாம்பியர் தேவை. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள இலித்தியம் படிந்து கரைகின்றது.

வெவ்வேறு ஆய்வுகள் தரும் மதிப்புகளை நேரடியாக ஒப்பிடுவது சரியாகாது. வெப்பநிலை, அழுத்தம், மின்பகுளியின் தடிப்பு, ஒவ்வொரு சுழற்சியிலும் நகரும் இலித்தியத்தின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து இம்மதிப்பு மாறும். மிகக் குறைந்த இலித்தியத்தை மட்டும் நகர்த்திச் செய்யும் சோதனையில் வெற்றிடங்கள் உருவாக வாய்ப்புக் குறைவு என்பதால், மதிப்பு உண்மையைவிட உயர்வாகத் தோன்றலாம். மெல்லிய குறுக்குச்சுற்று ஒன்று ஏற்பட்ட மின்கலமும் சீரான மின்னழுத்தம் காட்டி, நன்றாக இயங்குவதுபோல் தோற்றமளிப்பதுண்டு.

தற்போதைய நிலை

மெல்லிய படல நுண்மின்கலங்களிலும், சூடாக்கி இயக்கப்படும் பலபடி மின்கலங்களிலும் இலித்தியம் உலோகம் ஏற்கனவே பயன்பட்டுள்ளது. அறை வெப்பநிலையில், குறைந்த அழுத்தத்தில், விரைவாக மின்னேற்றக்கூடிய பெரிய மின்கலத்தைக் குறைந்த செலவில் பெருமளவில் செய்வதே எஞ்சியுள்ள அறைகூவலாகும். ஒரு சதுர சென்டிமீட்டர் வில்லையில் வெடிப்பில்லாமல் செய்வது இயலும். தானுந்து ஒன்றுக்குத் தேவையான பல சதுர மீட்டர் பரப்பில் ஒரேயொரு வெடிப்பும் குறுக்குச்சுற்றுக்கு வழியாகலாம். ஆகவே இச்சிக்கல் வேதியியலுடன் நில்லாமல் பீங்கான் தொழில்நுட்பம், உற்பத்தித் தரக்கட்டுப்பாடு ஆகியவற்றையும் சார்ந்ததாக உள்ளது.

எரியும் நீர்மம் இல்லாமையால் திண்மநிலை மின்கலம் எந்நிலையிலும் பாதுகாப்பானது எனக் கொள்ளலாகாது. உள்ளிருக்கும் இலித்தியம் காற்றுடனும் நீருடனும் தீவிரமாக வினைபுரியும் உலோகம் என்பதும், குறுக்குச்சுற்றினால் உண்டாகும் வெப்பம் அதனை உருகச் செய்யக்கூடும் என்பதும் குறிப்பிடத்தக்கவை.